அவங்க மீன் பிடிக்கலைங்க, கப்பலோட வேகத்த அளக்குறாங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பாய்மரக் கப்பல் காலத்தப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. நான் 35 வருஷம் சரக்குக் கப்பல்ல ஓடுனவன், கேடட்டா ஏறி சீஃப் ஆபீசரா இறங்குனவன், எங்கப்பா தூத்துக்குடி தோணியில கொழும்புக்குப் போய்ட்டு வந்தவரு, அதனால தமிழ்ப் பேப்பர்ல கடலப் பத்தி நாலு வரி வந்தாலே கத்தரிச்சு எடுத்து வச்சிருவேன். இதையும் அப்படித்தான் எடுத்து வச்சேன். ஆனா ரெண்டு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதாம இருக்க முடியல.

ஒண்ணு அந்தப் படம். கப்பலோட பின்பக்கம் மூணு பேரு நிக்கிறாங்க, ஒருத்தர் கையில கயிறு சுத்துன ராட்டு, ஒருத்தர் கயித்தக் கடல்ல விடுறாரு, ஒரு பையன் கையில மணல் கடிகாரம். கீழ "ஓய்வு நேரத்தில் மீன் பிடிக்கும் மாலுமிகள்"னு போட்டிருந்தது. இன்னொண்ணு, "கேப்டன் தினமும் இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிய சாகச டைரிதான் லாக் புக்"னு ஒரு வரி. இது ரெண்டும் தனித்தனி தப்பு இல்ல, ஒரே தப்புதான். அந்தப் படத்துல நடக்குற வேலையிலருந்துதான் லாக் புக்குங்கற பேரே வந்துச்சு.

லாக்னா மரக்கட்டை. கால் வட்டமா ஒரு சின்னப் பலகை, அதோட அடி ஓரத்துல ஈயம் வச்சிருப்பாங்க, தண்ணிக்குள்ள நட்டுக்க நிக்கணும்ங்கறதுக்காக. அத ஒரு நீளக் கயித்துல கட்டி கப்பல் பின்னாலருந்து போடுவாங்க. கட்டை விழுந்த எடத்துலயே நிக்கும், கப்பல் முன்னால போகும், ராட்டுலருந்து கயிறு உருவிக்கிட்டு ஓடும். முதல்ல கொஞ்சம் கயித்த சும்மா விட்டுருவாங்க, கப்பல் கலக்கி விட்ட தண்ணிய விட்டு கட்டை வெளிய போகணும்ல, அதுக்கு அடையாளமா ஒரு துணி கட்டியிருக்கும், அந்தத் துணி கையத் தாண்டுன உடனே "திருப்பு"ன்னு சத்தம் குடுப்பாங்க, பையன் மணல் கடிகாரத்தத் திருப்புவான். மணல் கொட்டி முடிஞ்சதும் அவன் கத்துவான், கயித்தப் பிடிச்சு நிறுத்திருவாங்க. அந்தக் கயித்துல வரிசையா முடிச்சு போட்டிருக்கும், எத்தன முடிச்சு ஓடிருச்சோ அதான் வேகம். முடிச்சுக்கு இங்கிலீஷ்ல நாட். இன்னைக்கு நாங்க 14 நாட் ஸ்பீடுன்னு சொல்றோமே, புயல் சேதியில உங்க பேப்பர்லயும் காத்து இத்தன நாட் வேகம்னு போடுறீங்களே, எல்லாம் அந்தக் கயித்துல விழுந்த முடிச்சுதான்.

அந்த முடிச்சையும் இஷ்டத்துக்குப் போட்டுற முடியாது. மணல் 28 செகண்ட் ஓடும்னா, முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம் இருக்கணும். ஒரு மணி நேரத்துல 28 செகண்ட் எத்தனாவது பங்கோ, ஒரு கடல் மைல்ல 47 அடி 3 அங்குலமும் அத்தனாவது பங்கு. நல்ல காத்துல கப்பல் வேகமாப் போனா 14 செகண்ட் கடிகாரத்த எடுத்துட்டு வந்த எண்ண ரெண்டால பெருக்கிக்குவாங்க. கயிறு நனைஞ்சு காஞ்சு நீளம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால அடிக்கடி அளந்து சரி பாக்கணும். ஈரத்துல மணலும் கட்டி தட்டும், அப்ப செகண்ட் கூடிரும். ஒரு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் மழை குளிர் எதுவும் பாக்காம, வருஷக் கணக்கா இத செஞ்சிருக்காங்க. அதப் போயி மீன் பிடிக்கிறாங்கன்னு போட்டுட்டீங்களேன்னுதான் எனக்கு ஆறல.

சரி, வேகம் கிடைச்சாச்சு, எங்க எழுதுறது? நேரா புத்தகத்துல இல்லங்க. மேல்தட்டுல சுக்கான் பக்கத்துல ஒரு சிலேட்டு இருக்கும், அதுல சாக்பீஸ்ல எழுதுவாங்க. மணி, நாட், அதுக்கு அடுத்த கட்டத்துல மிச்சம் இருக்குற பாகக் கணக்கு (நம்ம கடக்கரையில பாகம்னு சொல்றோம்ல, ஆறடி, அதேதான்), கப்பல் போற தெச, காத்து வர்ற தெச, கடைசியா குறிப்பு. எந்தப் பாய ஏத்துனாங்க, எத இறக்குனாங்க, தூரத்துல வேற கப்பல் தெரிஞ்சுதா, மழை எப்ப பிடிச்சுது, பம்ப்புல எவ்வளவு தண்ணி இறைச்சாங்க. வாட்ச்ல, அதாவது முறை போட்டு நிக்கிற காவல் வேலையில, யாரு நிக்கிறாங்களோ அவங்க எழுதணும். மத்தியானம் சிலேட்ட அப்படியே புத்தகத்துல காப்பி பண்ணிட்டுத் தொடச்சிருவாங்க. வியாபாரக் கப்பல்ல அந்தப் புத்தகம் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) பொறுப்பு. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்ல கேப்டன், மாஸ்டர் (கப்பல் போற வழியப் பாத்துக்கற அதிகாரி), லெப்டினன்ட் எல்லாரும் தனித்தனியா லாக் வைக்கணும், லெப்டினன்ட்டுங்க அத ஒப்படைச்சாத்தான் சம்பளமே. அதிகாரியாகப் பழகுற பையங்களும் ஒண்ணு எழுதிட்டு வரணும், பரீட்சைக்குப் போறப்போ அத நீட்டணும். அப்போ கேப்டன் தனியா உக்காந்து எழுதுன டைரின்னு சொன்னா எத்தன பேரோட உழைப்பு காணாமப் போகுது பாருங்க.

நான் கேடட்டா இருந்தப்போ முதல் மாசமே ஒரு அடி வாங்குனேன், கையால இல்ல, வார்த்தையால. காலையில நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல பாரோமீட்டர் எண்ணத் தப்பா எழுதிட்டேன், ரப்பர எடுத்து அழிச்சுட்டு சரியா எழுதுனேன். அந்தத் தாள வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்த மேட் என்ன நிக்க வச்சுக் கேட்டாரு, லாக்ல அழிக்கறதுன்னு ஒண்ணு கிடையாது, தப்புன்னா மேல ஒரே ஒரு கோடு போடு, பக்கத்துல சரியானத எழுது, கையெழுத்துப் போடு, தப்பும் தெரியணும் திருத்துனதும் தெரியணும்னாரு. அவரு சொன்னது 19ஆம் நூத்தாண்டு ஆளுங்க விட்டுட்டுப் போன பழக்கம்னு அப்ப எனக்குத் தெரியாது, பின்னாலதான் பழைய லாக் பக்கங்களோட படங்களத் தேடிப் பாக்க ஆரம்பிச்சேன், இன்னைக்கு வரைக்கும் நிறுத்தல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பீகிள் கப்பல். டார்வின் போன கப்பல்னுதான் எல்லாருக்கும் தெரியும், உங்க கட்டுரையிலயும் அப்படித்தான் ஒரு வரி இருந்தது. 1831 டிசம்பர் 27 பிளிமத்துலருந்து கிளம்பி 1836 அக்டோபர் 2 ஃபால்மத்துக்குத் திரும்பி வந்துச்சு, அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் கொறவு. கப்பலோட நீளம் 90 அடி. நம்ம டவுன் பஸ்ஸ வரிசையா நிறுத்துனா ரெண்டரை பஸ் வரும், அவ்வளவுதான், அதுல கிளம்பறப்போ 74 பேரு. டார்வின் படுத்தது வரைபட மேஜைக்கு மேல கட்டுன ஹேம்மக்ல (தொங்குற துணிப் படுக்கை), கால நீட்ட எடம் இல்லன்னு அலமாரியோட இழுப்பறை ஒண்ண வெளிய எடுத்துட்டுத்தான் தூங்குவாராம், அதே அறையில இன்னும் ரெண்டு பேரு, அதே மேஜையிலதான் பகல்ல வரைபடம் வரையற வேலை. கப்பல் அனுப்புனதே தென் அமெரிக்கக் கரைய அளக்கறதுக்கும் உலகத்தச் சுத்தி ஒவ்வொரு எடத்தோட தீர்க்கரேகைய சரி பாக்கறதுக்கும்தான், பூச்சி செடி எல்லாம் கூடக் கிடைச்சது. கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு அப்ப 26 வயசு.

தீர்க்கரேகைக்கு என்ன வேணும்? சரியான நேரம். ஊர்ல மணி என்ன, இங்க மணி என்ன, ரெண்டுக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம்னா ஒரு டிகிரி தள்ளி இருக்கோம். அதுக்குன்னு பீகிள்ல 22 குரோனோமீட்டர் கடிகாரம் ஏத்துனாங்க. எல்லாத்தையும் ஒரு சின்ன அறையில மரத்தூளுக்கு நடுவுல வச்சு, அதப் பாத்துக்கறதுக்கு மட்டும் ஸ்டெப்பிங்னு ஒரு கருவி ரிப்பேர்க்காரர ஃபிட்ஸ்ராய் சொந்தக் காசுல கூட்டிட்டுப் போனாரு. தினமும் காலையில ஒரே நேரத்துக்குச் சாவி குடுத்து, ஒண்ண ஒண்ணோட ஒப்பிட்டு, எது முந்துது எது பிந்துதுன்னு எழுதி வைக்கணும். அஞ்சு வருஷம் உலகத்தச் சுத்தி வந்து அத்தன எடத்து நேர வித்தியாசத்தையும் கூட்டிப் பாத்தா 24 மணி நேரம் வரணும், வந்தது 24 மணி 33 செகண்ட். அந்த 33 செகண்ட ஃபிட்ஸ்ராய் மறைக்கல, எங்கருந்து வந்துச்சுன்னு தெரியலன்னு வெளிப்படையா எழுதி வச்சாரு. இத எப்பப் படிச்சாலும் எனக்கு எங்க மேட் சொன்ன அந்த ஒத்தக் கோடுதான் ஞாபகம் வரும்.

ஒரு நாள்ங்கறது எப்பத் தொடங்குதுங்கறதே கடல்ல வேற கணக்கு. மத்தியானம் செக்ஸ்டன்ட்ட (சூரியன் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளக்குற கருவி) வச்சுக்கிட்டு அதிகாரிங்க எல்லாம் வரிசையா நிப்பாங்க, சூரியன் ஏறி ஏறி ஒரு எடத்துல நின்னு இறங்க ஆரம்பிக்கும், அதான் உச்சி. அத வச்சு அட்சரேகை கிடைச்சிரும். பன்னண்டு ஆச்சுங்கன்னு கேப்டன்கிட்ட சொல்லுவாங்க, அவரு சரி பன்னண்டுன்னு வைன்னு சொன்ன பிறகுதான் எட்டு மணியோசை அடிப்பாங்க, மணல் கடிகாரத்தத் திருப்புவாங்க, புது நாள் பொறக்கும். அவரு சொல்ற வரைக்கும் கப்பல்ல பன்னண்டு ஆகல. ஊர்ல திங்கக்கிழமை மத்தியானம்னா கப்பல்ல செவ்வாய் ஆரம்பிச்சிரும். பிரிட்டிஷ் கடற்படை 1805ல இத மாத்தி நடுராத்திரிக் கணக்குக்கு வந்துருச்சு, வியாபாரக் கப்பலுங்க அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் மத்தியானக் கணக்குதான். அதனால பழைய லாக்ல செவ்வாய் சாயங்காலம் மூணு மணிக்குச் சூறக்காத்துன்னு இருந்தா அது ஊர்க் கணக்குக்குத் திங்கக்கிழமை சாயங்காலம். தெரியாமப் படிச்சா மத்தியானத்துலருந்து நடுராத்திரி வரைக்கும் உள்ளதெல்லாம் ஒரு நாள் தள்ளிப் போயிரும்.

மணியோசைன்னு சொன்னேன்ல, அரை மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தத் திருப்பி மணி அடிப்பாங்க, முதல் அரை மணிக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டு, இப்படி நாலு மணி நேரத்துக்கு எட்டு. எட்டு அடிச்சா வாட்ச் மாறும். ஆளுங்கள ரெண்டு அணியாப் பிரிச்சு நாலு மணி நேரம் வேலை நாலு மணி நேரம் ஓய்வு. அப்படியே விட்டா ஒரே அணி தினமும் நடுராத்திரி வாட்ச்ல மாட்டிக்கும், அதனால சாயங்காலம் நாலுலருந்து எட்டு வரைக்கும் உள்ளத ரெண்டு ரெண்டு மணியா ஒடச்சு வச்சிருந்தாங்க, நாய் வாட்ச்னு பேரு. ஆறு வாட்ச் ஏழாயிரும், ஒத்தப்படை, இன்னைக்கு ராத்திரி நின்னவன் நாளைக்குத் தூங்குவான். சின்ன விஷயம்தான், ஆனா ராத்திரி 12 - 4 வாட்ச் மாசக் கணக்கா நின்னு பாத்தவங்களுக்கு இதோட அரும தெரியும்.

விடியறதுக்கு முன்னாலயே மேல்தட்டக் கல்லு போட்டுத் தேச்சுக் கழுவணும், எட்டு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் பாய் தைக்கறது, கயிறு பின்னறது, தார் பூசறது, வேலைக்குப் பஞ்சமே கிடையாது. சாப்பாடு உப்புக்கறி, கல்லு மாதிரி பிஸ்கட், பட்டாணி. பீகிள்ல எலுமிச்சச் சாறும் ஊறுகாயும் தகர டப்பாவுல அடச்ச கறியும் நெறைய ஏத்துனாங்க, ஸ்கர்வி (பழம், காய் இல்லாம ஈறு வீங்கி ரத்தம் வர்ற நோய்) வந்துறக் கூடாதுன்னு. பிரிட்டிஷ் கடற்படையில அப்ப தினமும் ரம் குடுத்தாங்க, 1824ல அந்த அளவப் பாதியாக் கொறச்சாங்க, 1850ல மறுபடியும் பாதி.

ஆழம் பாக்கறதையும் சொல்லிரணும், உங்க கட்டுரையில இது வரவே இல்ல. கரை கிட்ட வந்தா ஈயக்குண்டு கட்டுன கயித்த இறக்கி எத்தன பாகம்னு பாப்பாங்க. ராத்திரி இருட்டுல எண் எப்படிப் படிக்கிறது? அதனால கயித்துல எடத்துக்கு எடம் வேற வேற பொருள் கட்டியிருக்கும். ரெண்டு பாகத்துல ரெண்டு தோல் வாரு, மூணு பாகத்துல மூணு வாரு, அஞ்சுல வெள்ளத்துணி, ஏழுல கொடித் துணி, பத்துல ஓட்ட போட்ட தோலு, பதிமூணுல கம்பளித் துணி. விரல்ல தடவிப் பாத்தாலே தெரிஞ்சிரும், சில பேரு ஒதட்டுல வச்சுப் பாப்பாங்க. ஈயக்குண்டோட அடியில ஒரு பள்ளம் இருக்கும், அதுல மாட்டுக் கொழுப்ப அப்பி விடுவாங்க, கீழ மணலா சேறா கிளிஞ்சலான்னு ஒட்டிக்கிட்டு வரும். அதுவும் லாக்ல ஏறும்.

இப்ப வானிலைக்கு வர்றேன், நான் இந்த லெட்டர் எழுதறதே இதுக்காகத்தான்.

எங்கப்பா காத்த அது வர்ற தெசைய வச்சு வாடை, கொண்டல், கச்சான்னு சொல்லுவாரு. பலத்தச் சொல்றதுன்னா "நல்ல காத்து", "கடுங்காத்து", "பேய்க்காத்து". அவருக்கு நல்ல காத்துன்னா இன்னொரு தோணிக்காரருக்கு அது கடுங்காத்து. எல்லாக் கப்பல்லயும் இதே கததான். பிரான்சிஸ் போஃபோர்ட்னு ஒரு கடற்படை அதிகாரி 1806 ஜனவரியில தன்னோட குறிப்பேட்டுல காத்துக்கு எண் போட ஆரம்பிச்சாரு, காத்தே இல்லன்னா பூஜ்யம், பலம் கூடக் கூட எண்ணும் கூடும். அப்புறம் அத கப்பலோட பாய் மேலயே கட்டிட்டாரு, ஒரு போர்க்கப்பல் இந்தக் காத்துல எத்தன பாய் ஏத்தி வச்சிருக்க முடியும், எத மடக்கணும், எத இறக்கணும்ங்கறதுதான் அளவு, எந்தப் பாயும் தாங்காதுன்னா 12. உடம்புக்கு எப்படி இருந்துச்சுங்கற பேச்சே இல்ல, பாய நிமிந்து பாத்தா எண் கெடச்சிரும். எந்தக் கப்பல்ல யாரு நின்னாலும் ஏழுன்னா அதே ஏழுதான். பின்னால அவரே பிரிட்டிஷ் கடற்படையோட வரைபடத் துறைக்குத் தலைவரா வந்தாரு, பீகிள அனுப்புனப்போ ஃபிட்ஸ்ராய்க்கு இந்த எண்ணையும் கூட ஒரு எழுத்து வரிசையையும் குடுத்து விட்டாரு. எழுத்துன்னா, பி போட்டா நீல வானம், சி போட்டா பிரிஞ்சு மிதக்குற மேகம், ஓ போட்டா முழுக்க மூடுன வானம், ஆர் மழை, எல் மின்னல், கியூ சூறக்காத்து, யூ போட்டா வானம் பாக்கவே பயமுறுத்துதுன்னு அர்த்தம். அதோட கீழ ஒரு புள்ளி வச்சா ரொம்பக் கடும. ரெண்டு எழுத்து ஒரு எண்ணு, அஞ்சு செகண்ட்ல எழுதி முடிச்சிரலாம், கை வெறச்சுப் போனவனும் எழுதலாம். 1838ல கடற்படை முழுக்க இது கட்டாயம் ஆச்சு. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் வாட்சுக்கு வாட்ச் லாக்ல போஃபோர்ட் எண் எழுதியிருக்கேன், இன்னைக்கும் எழுதுறாங்க.

1833 ஜனவரி 13 கேப் ஹார்ன் கிட்ட பீகிள மூணு பேரலை அடுத்தடுத்து அடிச்சுது, கப்பல் சாஞ்சு ஒரு படகு போச்சு, டார்வின் காய வச்சிருந்த செடியில கடல் தண்ணி ஏறிருச்சு. இன்னொரு அலை வந்திருந்தா டார்வினும் இல்ல, யாரும் இல்ல. அப்படிப்பட்ட நாளுக்கும் லாக்ல மத்த நாளுக்கு உள்ள அதே கட்டங்கள்தான். சாகசத்த டைரியில தேடுங்க, டார்வினும் எழுதுனாரு, கோவிங்டன்னு அவருக்கு உதவியா இருந்த பையனும் தனியா எழுதி வச்சிருக்கான். லாக்ல சாகசம் தேடாதீங்க.

ஆனா மனுஷங்க லாக்ல இல்லன்னு நெனச்சிரக் கூடாது. 1850ல பிரிட்டன்ல போட்ட சட்டப்படி வியாபாரக் கப்பல்ல அதிகாரப்பூர்வ லாக்னு தனியா ஒண்ணு வைக்கணும், அதுல பிறப்பு, இறப்பு, நோய், குத்தம், தண்டன எல்லாம் வரணும். குத்தம் எழுதுனா அத அந்த ஆளுக்கே படிச்சுக் காட்டணும், அவன் என்ன பதில் சொன்னான்னும் சேத்து எழுதணும். கடல்ல செத்தவனோட பெட்டியில இருந்த சட்ட, பூட்ஸ், கத்தி எல்லாத்தையும் கப்பல்லயே ஏலம் விட்டு, யாரு எவ்வளவுக்கு எடுத்தான்னு எழுதி, அந்தக் காச வீட்டுக்கு அனுப்பணும். ஒரு மனுஷனோட மொத்தச் சொத்தும் பத்து வரியில முடிஞ்சிரும். அந்த மாதிரிப் பட்டியல் ஒண்ணப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல.

இந்தச் சின்னச் சின்ன எண்ணெல்லாம் என்ன ஆச்சுன்னு உங்க வாசகருங்களுக்குச் சொல்லணும். அமெரிக்கக் கடற்படையில மௌரின்னு ஒருத்தர், விபத்துல கால் ஒடஞ்சு ஊனமானதால கப்பல்ல ஏற முடியாம 1842ல ஒரு ஆபீஸ்ல உக்கார வச்சாங்க, அங்க குமிச்சுக் கெடந்த பழைய லாக்குகள ஒவ்வொண்ணா எடுத்து எந்த மாசம் எந்தக் கடல்ல எப்படிக் காத்துன்னு கட்டம் கட்டமாப் போட்டாரு. 1847ல முதல் வரைபடம் வந்துச்சு. உங்க லாக்கோட நகல எனக்குக் குடுங்க, நான் வரைபடம் இலவசமாத் தர்றேன்னு கேப்டன்களுக்குச் சொன்னாரு. 1853ல பிரஸ்ஸல்ஸ்ல பத்து நாட்டுக்காரங்க ஒண்ணா உக்காந்து எல்லாரும் ஒரே மாதிரி லாக் எழுதுவோம்னு முடிவு பண்ணாங்க.

நம்ம வங்கக் கடலுக்கும் இதுல நேர் சம்பந்தம் இருக்கு. கல்கத்தாவுல ஹென்றி பிடிங்டன்னு ஒருத்தர், கப்பல் கேப்டனா இருந்தவரு, ஒரே புயல்ல மாட்டுன பல கப்பலுங்களோட லாக்குகளச் சேத்தாரு. ஒரு கப்பல்ல வடக்குக் காத்துன்னு இருக்கும், அதே நேரத்துல இன்னொண்ணுல தெக்குக் காத்துன்னு இருக்கும். ரெண்டுல ஒருத்தன் பொய் சொல்றான்னு விட்டுறல அவரு, ரெண்டு பேரும் நெசந்தான் எழுதியிருக்கான்னு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் வரைபடத்துல போட்டாரு, காத்து வட்டமாச் சுத்துறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. பாம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்குற மாதிரின்னு கிரேக்க வார்த்தையிலருந்து 1848ல சைக்ளோன்னு பேரு வச்சது அவருதான். வங்கக் கடல்ல காத்துக்கு முதுகக் காட்டி நின்னா புயலோட மையம் நம்ம இடது கைப் பக்கம்னு இன்னைக்கு கேடட் பையனுக்கும் தெரியும், அதுக்குப் பின்னால இருக்கறது அந்த லாக்குகள்தான். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையும் புயல் எங்க வருதுன்னு டிவி முன்னால உக்காந்திருக்கோமே, அந்த அறிவோட வேரு, யாரோ ஒருத்தன் நனைஞ்ச கையோட சிலேட்டுல எழுதுன "வடகிழக்கு, 9".

உங்க பேப்பர்ல தினமும் போடுற வானிலைக் கட்டத்துக்கும் பீகிள்தான் பூர்வீகம். ஃபிட்ஸ்ராய் திரும்பி வந்த பின்னால 1854ல பிரிட்டன்ல வானிலை ஆபீஸத் தொடங்கி நடத்துனாரு, 1861 ஆகஸ்ட் 1 லண்டன் டைம்ஸ் பத்திரிகையில முதல் பொது வானிலை அறிவிப்பு வந்தது அவரால. பொய்ச்சுப் போனப்போ நெறையப் பேரு கேலி பண்ணாங்க. ஆனா மீனவங்க அவர நம்புனாங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஜீனெட்னு ஒரு கப்பல், பாயும் நீராவி எஞ்சினும் சேந்தது, 1879 ஜூலையில சான் ஃபிரான்சிஸ்கோவுலருந்து வட துருவம் பாக்கப் போய் செப்டம்பர்லயே பனியில மாட்டிக்கிச்சு. 21 மாசம் பனியோட பனியா நகந்துச்சு, நகந்த எடமெல்லாம் வாட்ச் தவறாம பாரோமீட்டரும் குளிரும் காத்தும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. 1881 ஜூன்ல பனி நெருக்கிக் கப்பல் ஒடஞ்சு முழுகிப் போச்சு. சைபீரியாக் கரைக்குப் படகையும் பனிச்சறுக்கு வண்டியையும் இழுத்துக்கிட்டு நடந்தாங்க, சாப்பாடே பத்தாத அந்த நடையில லாக் புத்தகங்களையும் சேத்துச் சொமந்துட்டுப் போனாங்க. 33 பேர்ல 20 பேரு செத்துட்டாங்க, கேப்டன் டி லாங்கும் பட்டினியில செத்தாரு. அடுத்த வருஷம் தேடிப் போனவங்களுக்கு அவரு உடம்பும் கெடச்சுது, அந்தப் பதிவுகளும் கெடச்சுது. இப்ப வட துருவப் பனி அன்னைக்கு எங்க வரைக்கும் இருந்துச்சுன்னு விஞ்ஞானிங்க கணக்குப் போடுறதுக்கு அந்தப் பக்கங்களயும் சேத்துத்தான் எடுத்திருக்காங்க, உலகம் முழுக்க ஆளுங்க வீட்டுல உக்காந்து இன்டர்நெட்ல அந்தக் கையெழுத்த எண்ணெண்ணா டைப் பண்ணிக் குடுத்திருக்காங்க. கப்பல விட்டாங்க, உயிர விட்டாங்க, லாக்க விடல.

அதனால ஆசிரியர் ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு சின்னத் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டுக்கறேன், பெரிய எடம் வேணாம். சாகச டைரிங்கறத எடுத்துட்டு "வாட்ச்ல இருந்தவர்கள் மணிக்கு மணி எழுதிய பதிவேடு"ன்னு மாத்துங்க. படத்துக்குக் கீழ இப்படிப் போடுங்க: "கப்பலின் வேகத்தை அளக்கும் மாலுமிகள். இடது ஓரத்தில் நிற்கும் சிறுவன் 28 விநாடி மணல் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறான்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தூத்துக்குடி.